கீரிப்பாறையில் தொலைத்த தட்டு

முதல் நாள், காலை 6.40

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் கீரிப்பாறை வண்டி புறப்படத் தயாராக நின்றது. என் தோளில் ஒரு பை, கையில் மடக்கிய இரும்புக் கூடை. கூடை என்றதும் காய்கறிக் கூடையை நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்பத்தின் தலையில் சுற்றிலும் சங்கிலிகள் தொங்கும், அவற்றுக்குக் கீழே ஒரு வட்டத் தொட்டி இருக்கும். கண்டக்டர் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன சாமானாக்கும்? கோயிலுக்க தூக்கு விளக்கா?"

"வெளையாட்டுச் சாமான்ங்க."

"எத்தன டிக்கெட்டு?"

"ஒண்ணு."

"வெளாட்டுன்னு சொல்லுகிய, கூட வெளாட ஆளு வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே எனக்கு இருபத்திரண்டு ரூபாய்க்கு ஒரு டிக்கெட்டும் கூடைக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட்டும் தந்தார். கூடையாவது துணைக்கு வருகிறதே என்று வாங்கிக்கொண்டேன்.

நான் ஆடுவது டிஸ்க் கோல்ஃப். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு. தூரத்தில் நட்ட கூடைக்குள் எத்தனை குறைந்த வீச்சில் தட்டைப் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். கோடையில் பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் போட்டிகள், மற்ற மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று பத்து ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. திருச்சியில் அம்மாவிடம் யாராவது கேட்டால், "வெளிநாட்டில தட்டு வீசுறான்" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவாள்.

உங்களுக்குப் பிடித்த மைதானம் எது என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டைச் சொல்வேன். ஒன்று ஹெல்சிங்கிக்கு வடக்கே பிர்ச் மரக்காட்டுக்குள் இருப்பது. இன்னொன்று எஸ்தோனியாவில், கடல் காற்று தட்டைக் கையிலிருந்து பிடுங்கும் ஒரு மேடு. மூன்றாவது ஒன்று உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அது ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்த மைதானம். ஒன்பது கூடைகள், நடுவில் ஓர் ஓடை, சுற்றிலும் கீரிப்பாறை ரப்பர் மரங்கள்.

வரைந்தவன் ரெஜின். கீரிப்பாறைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, பின்லாந்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவன். ஏழு வருடம் என்னோடு ஆடினான். "எங்க தோட்டம் மாதிரி ஒரு மைதானம் உலகத்துல கெடையாது மக்கா. வரிசையா மரம், அடியில நெழலு. ஒருத்தனும் இன்னும் ஒரு தட்டு எறிஞ்சதில்ல" என்பான். சேர்ந்து போவோம் என்று ஒவ்வொரு கோடையிலும் பேசினோம். இரண்டு வருடங்களுக்கு முன்பு புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் வீட்டாரும் இப்போது கீரிப்பாறையில் இல்லை. ஆக, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் ஒருவனாக வந்தேன்.

பகல் 1.15

பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி, மலை நெருங்கியதும் காற்று ஈரமானது. தோட்டத்து சூப்பர்வைசர் பால்ராஜ் என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அனுமதி தந்தார்.

"காலையில வெட்டு நடக்கும், அப்ப உள்ள வரப்பிடாது. பாலு எடுத்து முடிஞ்ச பெறவு ஆடிக்கிடுங்க. மரத்துல காயம் படப்பிடாது. சிரட்ட ஒடஞ்சா எனக்கிட்ட வந்து சொல்லணும், கேட்டியளா?"

வெட்டு என்றால் பால் வடிய மரப்பட்டையைக் கீறுவது. நாம் கொட்டாங்குச்சி என்பதை இங்கே சிரட்டை என்கிறார்கள். ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் இடுப்புயரத்தில் ஒரு கம்பி வளையம், அதில் பால் வடிய ஒரு சிரட்டை. பாலை எடுத்து முடியும்வரை வாசலில் காத்திருந்து, ஒரு மணிக்கு மேல் நான் உள்ளே போனபோது எல்லாம் காலியாகக் கவிழ்ந்திருந்தன.

புதிதாக ஆட வருபவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கடைக்காரன் பத்துத் தட்டு விற்கப் பார்ப்பான், மூன்று போதும்: தூரத்துக்கு ஒன்று, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடையில் போட ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பட்டர் என்போம். பட்டரைப் புதிதாக வாங்கியதும் நம்பாதீர்கள். சங்கிலியில் ஆயிரம் முறை அடிபட்டு ஓரம் மழுங்கிய பிறகுதான் அது சொன்ன பேச்சுக் கேட்கும். காட்டுக்குள் மரத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள். தட்டின் உட்பக்கம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள், கண்டெடுப்பவர் கூப்பிடுவார். பச்சை நிறத் தட்டு மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

ரெஜின் பச்சைதான் வாங்கினான். கடைசி மாதத்தில் அந்தப் பட்டரை என் கையில் கொடுத்தான். உட்பக்கம் கறுப்பு மையில், தமிழில், "ரெஜின், கீரிப்பாறை" என்று எழுதியிருக்கும். எண் கிடையாது. பின்லாந்தில் இதை யார் படிப்பார்கள் என்று நான் கேட்டதற்கு, "படிக்கவா எழுதுனேன்? எந்த ஊருக்குப் போவணும்னு தட்டுக்குத் தெரியாண்டாமா?" என்று சிரித்தான். அவன் கையெழுத்தில் என்னிடம் தமிழில் இருப்பது அந்த இரண்டு சொல் மட்டுமே. மை மங்கிக்கொண்டே வந்தது. மேலே எழுதி அழுத்தமாக்கலாம்தான், பிறகு அது என் எழுத்தாகிவிடும். அதனால் தொடவில்லை.

பிற்பகல் 3.50

கொண்டுவந்த ஒரே கூடையைச் சீட்டில் உள்ள இடங்களில் மாற்றி மாற்றி நட்டு ஆடினேன். ஏழாவது இடம் ஓடைக்கு அந்தப் பக்கம். சீட்டில் ரெஜின் ஆங்கிலத்தில் "பட்டர் ஒன்லி" என்று எழுதி ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். வீசினேன். கொஞ்சம் முன்னதாக விட்டுவிட்டேன். தட்டு ஒரு மரத்தின் சிரட்டையில் மோதியது, சிரட்டை இரண்டாகப் பிளந்தது, தட்டைக் காணவில்லை.

ரப்பர் தோட்டத்தில் தரை முழுவதும் ஒரு கொடி படர்ந்திருக்கும், முழங்கால் உயரத்துக்கு. அதற்குள் பச்சைத் தட்டு. ஓடைப் பக்கம்தான் சரிந்திருக்கும் என்று இருட்டும்வரை தேடினேன். கால் இரண்டிலும் அட்டை கடித்ததுதான் மிச்சம்.

இப்போது என் கேவலத்தைச் சொல்கிறேன். உடைந்த சிரட்டையை எடுத்துச் சருகுக்குள் செருகிவிட்டேன். முதல் நாளே சிரட்டையை உடைத்தேன் என்று சொன்னால் அனுமதி போய்விடுமோ என்ற பயம். அலுவலகத்தைத் தாண்டும்போது பால்ராஜ், "ஆட்டம் எப்பிடி இருந்து?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

இரண்டாம் நாள், பகல் முழுவதும்

அந்தப் பகுதியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு. இன்று ஒருவரும் வரவில்லை. ஒரு கம்பை வைத்துக் கொடியை விலக்கி விலக்கி, ஓடைக்கரை முழுவதும் சலித்தேன். பால்ராஜ் அந்தப் பக்கம் வந்து, "என்னத்த தேடுகிய?" என்றார். "ஒண்ணுமில்ல சார், தூரம் அளக்கிறேன்" என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை. அன்றைக்கு என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான், அவரிடமும் பொய்.

மூன்றாம் நாள், காலை 9.30

விடியற்காலையில் வெட்டு நடக்கும் நாள் என்பதால் மதியம்வரை உள்ளே போக முடியாது. நாகர்கோவில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருக்க மனமில்லாமல் தேங்காய்ப்பட்டணம் போனேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் காற்று நன்றாக அடித்தது. மணலில் கூடையை நட்டு மீதித் தட்டுகளை வீசிக்கொண்டிருந்தேன். காற்றுக்கு எதிரே வீசினால் தட்டின் மூக்கைக் கீழே பிடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள். என் தட்டுகள் அன்று எதையும் கேட்கவில்லை.

மீன் வாங்கிக்கொண்டு போன ஒருவர், தலையில் தொப்பி, கையில் பை, நின்று பார்த்தார்.

"நான் துபாயில இருவது வருசம் நின்ன ஆளு. அங்க பார்க்குல இத எறிவாவ. ரெண்டு ரெண்டு பேரா நின்னு எறிவாவ" என்றார். "நீங்க ஒத்தைக்கு எறிஞ்சு ஒத்தைக்கே போயி எடுக்கியளே?"

"இந்த ஆட்டம் தனியாவும் ஆடலாம் பாய்."

"ஆடலாம்" என்றார் அவர். "ஆனா பாக்கதுக்கு என்னவோ மாதிரி இருக்கு."

அவர் போன பிறகு நான் வீசவில்லை. எட்டரை மணி வாக்கில் மலைப்பக்கம் கறுத்ததைப் பார்த்திருந்தேன். இப்போது இங்கேயும் மழை பிடித்தது. அன்று கீரிப்பாறைக்குப் போகவே முடியவில்லை.

நான்காம் நாள், காலை 10.20

திருச்சிக்கு அன்று மாலை ரயில். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று போனேன். முதலில் பால்ராஜிடம் சிரட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன், தட்டைப் பற்றியும்.

அவர் கோபிக்கவே இல்லை. "இத மொத நாளே சொல்லியிருந்தா அந்த வெட்டுக்க ஆளுட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்லா. சுசீலா நேத்து காலம்பற அங்கதான் வெட்டுனா. இன்னைக்கு ஒட்டுப்பாலு எடுக்க நிக்கா, போயி கேளுங்க" என்றார்.

சுசீலாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் சாக்குக் கட்டி, மரம் மரமாக நின்று, சிரட்டையில் உறைந்திருந்த வெள்ளைக் கட்டிகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். முந்நூறு மரங்கள் அவர் பொறுப்பு. வெட்டு நாளெல்லாம் ஒரே வழி, ஒரே வரிசை. நேற்று வெட்டி முடித்ததும் மழை விழுந்ததால் பால் கெட்டு அப்படியே உறைந்துவிட்டதாம். அதற்குப் பெயர்தான் ஒட்டுப்பால்.

சிரட்டையை உடைத்தது நான்தான் என்றேன்.

"சவத்த, நீங்களாக்கும்!" என்றார். "எம்பத்தி மூணாமத்த மரத்துக்கு வந்தா கம்பி மொட்டையா நிக்கு. மேல மூணு மரம் தள்ளி, நான் நடக்குத வழியில ஒரு பச்சத் தட்டு. திருப்பிப் பாத்தா ரெஜின்னு எழுதியிருக்கு. இஞ்ச வீட்டுக்கு ரெண்டு ரெஜின் உண்டு சாரே. எவனோ ஒரு ரெஜின் எனக்க சிரட்டய ஒடச்சிட்டு ஓடிட்டான்னு நெனச்சேன். ஒடச்சவனுக்க தட்டயே வச்சிட்டேன்."

எண்பத்து மூன்றாவது மரம். கம்பியை அகட்டி, ரப்பர் நாடாவால் கட்டி, அதன் மேல் என் தட்டு மல்லாந்திருந்தது. உட்பக்கம் மேலே. விளிம்புவரை வெள்ளையாக உறைந்த பால்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கட்டியின் ஓரத்தில் விரலைக் கொடுத்து ஒரே இழுப்பில் உரித்துவிட்டார். "பாத்தியளா, தேச்சுக் கழுவுனாப்புல இருக்கு!" என்று தட்டை நீட்டினார்.

புதுத் தட்டு போல இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை.

அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் பயந்துபோய் என்னவென்று கேட்டார். சொன்னேன். ரெஜின் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், அவன் எழுதியது அது, அவன் இறந்து இரண்டு வருடமாகிறது என்று.

"எங்க அடக்குனாவ?"

"அங்கேயே. பின்லாந்தில."

கையில் இருந்த ஒட்டுப்பாலைக் கூடையில் போடப் போனவர் நின்றார். அதைத் திருப்பிப் பிடித்தார். தட்டின் அடியில் கிடந்த அந்தப் பக்கம் வழுவழுவென்று இருந்தது. அதில் கறுப்பாகக் கோடுகள்.

"சாரே, இது எழுத்துலா? தலகீழா என்னமோ..."

தலைகீழ் அல்ல, இடவலம் மாறியிருந்தது. மை பாலோடு வந்துவிட்டது.

"இத எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க. மழையில ஒழுகிப் போச்சுன்னு வச்சுக்கிடுகேன்" என்றார். உடனே குரல் மாறியது. "ஆனா சிரட்ட? நாளைக்கு வெட்டு உண்டு. இந்த மரத்துக்குப் பாலு எங்க விழும்?"

பையில் இருந்த நடுத்தூரத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். அதன் உட்பக்கம் என் பெயரும் எண்ணும் இருந்தன. அவர் அதைக் கம்பியில் வைத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்துத் திருப்தியானார். பிறகு கூடையை மறுபடி ஏழாவது இடத்தில் நட்டு, ரெஜினின் பட்டரால் முடித்தேன். சங்கிலி குலுங்கியது. சுசீலா எண்பத்து நான்காவது மரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"இந்தச் சத்தத்துக்கா இம்புட்டு தூரம் வந்திய?"

"ஆமா" என்றேன்.

"கொள்ளாம்" என்று மெச்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

பகல் 1.40

திரும்பும் வண்டியில் ஏறியதுமே கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். ஒரு நாள் பழசான ஒட்டுப்பாலின் வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. புளித்த பால், அழுகிய முட்டை, இரண்டுக்கும் நடுவில் எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஒட்டுப்பால பஸ்ஸுல ஏத்தப்பிடாது. சரி, சரி, கடேசி சீட்டுல போயி இரும். எத்தன டிக்கெட்டு?"

"ஒண்ணு. கூடைக்கு ஒண்ணு."

கடைசி சீட்டில் இருந்தவர்களும் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். ஐந்து பேர் உட்காரும் இருக்கையில் நான் மட்டும். பின்லாந்தின் பேருந்துகளில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரமாட்டார்கள், நானும் ரெஜினும் மட்டும் ஒட்டி உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு போவோம். அவன் ஊர் வண்டியில் எனக்குப் பக்கத்தில் வர ஆளில்லை. முதல் நாளே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் எழுத்து தட்டிலேயே இருந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு என்றும் இருக்கும்.

கட்டியை மடியில் வைத்துப் படிக்கப் பார்த்தேன். எழுத்தெல்லாம் திரும்பியிருந்ததால் கண் தடுமாறியது. கைபேசியை எடுத்து, நம் முகத்தையே காட்டும் அந்த முன்பக்கக் கேமராவைத் திறந்து, ஒட்டுப்பாலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன். திரையில் எழுத்து நேரானது. என் முகத்தை ஒட்டி, நாங்கள் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் படம் எடுக்க நிற்கும் அதே இடத்தில், "ரெஜின், கீரிப்பாறை."

படம் எடுக்கவில்லை. வண்டி அவன் ஊரைத் தாண்டி முடிக்கும்வரை, கை வலிக்க வலிக்க, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.