நாலு செட்டைப் பூச்சி

என் மாமாவை நினைத்து நான் கூனிக்குறுகிப் போனது ஒரு பூச்சியால்தான். அம்மாவின் தம்பியான அவர் தென்னமெரிக்காவில் வருடக்கணக்காக ஒரேயொரு பூச்சிச் சாதியைப் பற்றிப் படித்துவிட்டு எங்கள் ஊரான அடம்பனுக்குத் திரும்பியிருந்தார். வந்த கையோடு கல்யாணம் பேசினார்கள். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துப் பெண். வயலோடு, மாப்பிள்ளை வீட்டுக்கென்று காசும் தருவதாகப் பேச்சு. அந்தக் காசில்தான் அம்மாவின் தங்கை, என் சின்னம்மாவைக் கட்டிக்கொடுப்பது என்று பெரியவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். பத்து வயதுப் பெட்டையான எனக்கு அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

"பூச்சிக் கதை மட்டும் எடுத்துப்போடாதை" என்று அம்மா காலையிலேயே சொல்லிவைத்தார். மாமாவும் நல்லபிள்ளையாகத் தலையாட்டினார்.

பெண்ணின் தகப்பன் வந்து கதிரையில் இருந்தார். பேச ஏதாவது வேண்டுமே என்று, மேசையிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கொசுவைப் போலிருந்த பூச்சியைப் பார்த்து, "இது பெரிய நுளம்போ தம்பி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"இல்லை ஐயா, நுளம்புக்கு ரெண்டு செட்டை. இதுக்கு நாலு, வடிவாப் பாருங்கோ."

அதோடு நின்றாரா? சிறகு அடியில் ஒடுங்கியிருப்பதையும், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒற்றை நகமே இருப்பதையும் காட்டினார். கைபேசியில் படத்தைப் பெருப்பித்து, செட்டை நரம்பு எங்கே கிளைத்தால் எந்தச் சாதி என்று விளக்கினார். பிறகு எழுந்துபோய்க் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி, அது முன்காலால் கொப்பில் தொங்கியபடி பின்காலால் இரை பிடிக்கும் விதத்தைச் செய்தே காட்டினார். வேட்டி வேறு நழுவப் பார்த்தது. எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. இவர் என் மாமாவே இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"ஆண்தான் ஐயா இரையைக் கொண்டுபோய்ப் பெண்ணுக்குக் குடுக்கோணும். இரை சின்னனெண்டா பெண் பறந்திடும்" என்றவர், அதே மூச்சில், "எனக்கும் உங்கட வயல், காசு ஒண்டும் வேண்டாம்" என்றார்.

பெண்ணின் தகப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. சீதனம் வேண்டாமென்றால் பெண்ணே வேண்டாமென்றுதான் எங்கள் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

"எங்கட பிள்ளையில என்ன குறை கண்டனீங்கள்?" என்று எழுந்தவர், தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

"நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று மாமா கேட்டார்.

குசினியில் சின்னம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அழுதார். மாமா கதவில் தொங்கியதை நினைத்து, என்னைப்போல அவரும் வெட்கத்தில் அழுகிறார் என்று எண்ணினேன்.

"அழாதேங்கோ சின்னம்மா, கொஞ்ச நாளில சனம் இதை மறந்திடும்" என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு இன்னும் பெரிதாக அழுதார்.