என் கல்யாணக் காருக்கு இரண்டு ஆயில்

பெண் பார்க்க வந்த அன்று என் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. காப்பியைக் குடித்தார், வேட்டியைச் சரிசெய்தார், போய்விட்டார். இந்த உம்மணாமூஞ்சியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் என் கவலை. வீட்டில் யாருக்கு அந்தக் கவலை? காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் சண்டை.

உப்பு வியாபாரி ஒருவரிடம் அப்பா வாங்கிய பழைய கார் அது. மாதா கோயிலுக்கு என்னை அதில்தான் கொண்டுபோவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பழைய ஆயிலை ஒரு சட்டியில் இறக்கினார். கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை பார்த்த சித்தப்பா, கப்பல் ஆயில் ஒரு டின்னோடு வந்து நின்றார்.

“அண்ணே, கப்பலையே கொழும்புக்குக் கொண்டுபோற ஆயிலு இது. ஒம்ம காரு மாதா கோயிலுக்குப் போவாதா?”

“ஏலே, இது காரு. கப்பல் ஆயிலக் கப்பல்லயே வச்சுக்கோ.”

அதோடு பேச்சு நின்றது. சித்தப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து அப்பா தன் ஆயிலை ஊற்றி, காலி டின்னை விறகுக்கடியில் ஒளித்தார். அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். காருக்கடியில் சட்டி நிறையக் கறுப்பு ஆயில். இஞ்சின் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து, அளவுக் கம்பியை உருவிக்கூடப் பார்க்காமல் தன் டின்னைக் கவிழ்த்தார். அன்று சாப்பிடும்போது இரண்டு பேருமே திருட்டுப் பூனை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கோயில் வாசலில் நாங்கள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. நீலப் புகை வந்ததைத்தான் பார்த்தார்கள். கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. என் வெள்ளைச் சேலையில் லாரி ஷெட் வாடை. பாவி மனுஷர்கள்! அப்பா பானெட்டைத் திறந்து அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார்; ஆயில் இரண்டு மடங்கு இருந்தது, சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“நான் ஊத்துன பொறவு நீ எதுக்குல ஊத்துன?”

“நீரு ஊத்துனதச் சொன்னீரா? எங்க ஆயிலு மேலதான் குத்தம்னா, நான் இங்கன நிக்கல.” சித்தப்பா கிளம்பிவிட்டார். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா நேரே மாப்பிள்ளையிடம் போனார்.

“நீங்களே சொல்லுங்க மாப்ளே. எந்த ஆயிலு குத்தம்?”

எனக்கு உயிரே போய்விட்டது. யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் கல்யாணத்தில் இருக்கமாட்டார். பேசாமலே நின்றால், ஆயுசுக்கும் என் கதி அதுதான்.

அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

“ரெண்டுமே நல்ல ஆயிலுதான் மாமா. அதத் தாங்குத அளவுக்குத்தான் காரு இல்ல.”

அப்பா இளித்தார். போன சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே சாமியார் சம்மதமா என்று கேட்பதற்கு முன்னாலேயே, அந்தப் புகைக்குள் நின்று, சம்மதம் என்று நான் மனசுக்குள் சொல்லிவிட்டேன்.