வெந்நீரில் விரிந்த தகடு

என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோய்விட்டது என்று போர்ட்பிளேயரில் டாக்டர் சொன்னார். தேயாமல் என்ன செய்யும்? கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதிலேயே பால் வெட்டும் கத்தியைப் பிடித்த கை அது. போர்ட்பிளேயர் பக்கம் சௌல்தாரிக்குக் குடிவந்த பிறகும் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நாற்பது மரம் வைத்து, விடிந்ததும் நானேதான் வெட்டுகிறேன்.

மழை விட்டுப் பால்வெட்டு தொடங்கியபோது கத்தி என் பிடியில் நிற்கவில்லை. இரண்டு மரத்தில் பட்டையைத் தாண்டி உள்கட்டை வரைக்கும் இறங்கிவிட்டது. அப்படிக் காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சத்தம் போடவில்லை. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான்.

“அம்மா, போதும்மா. மரத்த எல்லாம் வெட்டிட்டு பாக்கு வச்சிருவோம். பாக்குக்கு நீ தெனம் போயி நிக்கத் தேவல.”

“கை சரியானா?”

“சரியானா பாப்போம். மழைக்கு முன்னுக்கு நான் பாக்குக் கன்னுக்குச் சொல்லணும்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மரங்கள் இல்லாமல் காலையில் எழுந்து நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். வாய் திறந்து கேட்கவில்லை.

டாக்டர் என்னைக் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு இளம்பெண். நம்ம ஆள்தான், போர்ட்பிளேயரிலேயே பிறந்தவள்; பேச்சில் பாதி இந்தி. பொடிப்பொடி ஓட்டை போட்ட ஒரு வெள்ளைத் தகட்டை எடுத்து வெந்நீர்த் தட்டில் போட்டாள். பலகை மாதிரி இருந்தது, கொஞ்ச நேரத்தில் ஊறின அப்பளமாகத் துவண்டுவிட்டது. அதைத் தூக்கி ஈரத்தைத் துடைத்து என் கையில் போர்த்தி, கட்டைவிரலைச் சுற்றி அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சூடு இதமாக இருந்தது. அது ஆறி இறுகியபோது என் கைக்கென்றே வார்த்த ஓடு மாதிரி உட்கார்ந்திருந்தது. இது என்ன சாமான் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

“என்னா வேல பண்றீங்க அம்மா?”

“வீட்டு வேலதான்.”

“எப்பிடி இருக்கு, டீக் ஹை?”

“நல்லா இருக்குங்க.”

நல்லா இல்லை. கட்டைவிரல் காவல்காரன் மாதிரி விறைத்து நின்றது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது வாயில் வராது. துரையோ, வெளியாளோ வந்து எதையாவது காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், கங்காணி பின்னால் நிற்பார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். காலில் சப்பாத்து கடித்தாலும் நல்லா இருக்குங்க. வாளி ஓட்டையாக இருந்தாலும் அதேதான்.

வீட்டுக்கு வந்து கத்தியைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. மருமகள் சிரித்தாள்.

“என்னா மாமி, பாதி ரோபோவா மாறிட்டீங்க? கத்தியப் புடிக்கச் சொன்னா சலூட் அடிக்கிறீங்க?”

மூன்று வாரம் போட்டுக்கொண்டிருந்தேன். வலி குறைந்தது, வேலை நடக்கவில்லை. வெந்நீரில் இளகிய சாமான்தானே, நானே கத்திக்குத் தோதாக வளைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. மருமகள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, சோற்றுக்கு உலை வைக்கிற மாதிரி தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் அதைப் போட்டேன். என் கை வடிவம் போயே போய்விட்டது. அகப்பையால் எடுத்துக் கத்திப்பிடியோடு சேர்த்து அமுக்கப் போனால் விரல் சுட்டது, உதறினேன். அது தன்னோடு தானே சுருண்டு தரையில் விழுந்து அப்படியே இறுகிவிட்டது.

இனி எந்த முகத்தோடு போவது? இரண்டு நாள் அதைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தேன். மகன் கன்று விற்கிறவனோடு போனில் பேசுவது காதில் விழுந்த அன்றுதான் பஸ் ஏறினேன். கத்தியையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

“அரே! என்னா அம்மா இது, சமோசாவா?”

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி, மரம், கொதிதண்ணீர், எல்லாம்.

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு.”

“கைக்குத்தான் நான் பட்டி கட்ட முடியும் அம்மா, வெக்கத்துக்கு எங்க கட்டறது?”

பிறகு அந்தச் சுருண்ட உருண்டையைத் தன் வெந்நீர்த் தட்டில் போட்டாள். மடிப்பு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. ஒட்டியிருந்த ஓரங்களை அவள் லேசாக விரலால் தட்ட, பிரிந்து விலகின. யாரும் இழுக்காமலே அது விரிந்து, முதல் நாள் நான் பார்த்த தட்டைத் தகடாகப் படுத்துக்கொண்டது. எனக்கு மூச்சு வந்தது.

“இதுக்கு ஞாபகம் இருக்கு அம்மா. எந்த ஷேப்ல செஞ்சு அனுப்புனாங்களோ, சூடு பட்டா அங்கியே திரும்பிப் போகும். சரி, இப்ப நீங்க வெட்டிக் காட்டுங்க.”

நீள உருண்டைத் தலையணை ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, இதுதான் மரம் என்றாள். கத்தியின் வாயில் துணி சுற்றியிருந்தது. காலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் மரம் என்று ஒன்று முன்னால் வந்ததும் கை தானாகச் சாய்ந்து இழுத்தது. அவள் தரையில் உட்கார்ந்து கீழேயிருந்து பார்த்தாள். பேனாவால் என் உள்ளங்கையில் புள்ளி வைத்தாள்.

“எங்க வலிக்குது? சரியா சொல்லுங்க.”

“புடி ஒல்லியா இருக்குமா. இறுக்கிப் புடிக்கையிலதான் வலி. முந்தி துணி சுத்துவோம். பால் பட்டா ஒட்டிக்கிட்டு நாறும்.”

அவள் கத்திப்பிடியை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “அப்ப நான் தப்பான எடத்துல போட்டிருக்கேன்,” என்று சொல்லித் தகட்டை இரண்டாக வெட்டினாள். ஒரு துண்டைக் கட்டைவிரலின் அடியை மட்டும் தாங்குகிற மாதிரிச் சின்னதாக வார்த்தாள்; நுனி மடங்கியது. மற்றதை இளக்கிக் கத்திப்பிடியின் மேல் தடிமனாகச் சுற்றி, சூடு இருக்கும்போதே என்னைப் பிடிக்கச் சொன்னாள். என் நாலு விரலும் அதில் பள்ளம் பள்ளமாகப் பதிந்தன. முதலில் சுண்டுவிரல் பக்கம் கடித்தது. சொன்னேன். மறுபடி இளக்கினாள். மூன்றாம் தடவைதான் அமைந்தது.

அடுத்த வாரம் மகன் என்னோடு மேட்டுக்கு வந்தான். இருபது மரம் வரைக்கும் பட்டை சீராக, நூல் பிடித்த மாதிரி சுருண்டு விழுந்தது. முப்பதுக்குப் பிறகு கை நடுங்கியது. மறைக்கலாம் என்று பார்த்தேன். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஒரு வெட்டை நகத்தால் தடவிப் பார்த்தான். காயம் இல்லை. சிரட்டையில் பால் இறங்கத் தொடங்கியிருந்தது.

“முப்பது போதும்மா,” என்றான். “மிச்சம் பத்த எடுத்துட்டு அந்த எடத்துல மட்டும் பாக்கு வைக்கிறேன். எதுன்னு நீயே சொல்லு.”

சரிவில், ஓடைப் பக்கம் கால் வழுக்குகிற இடத்தில் இருந்த பத்து மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவன் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.