பாறை இல்லை, கிட்டம்

சிறுவாச்சூர் தாண்டியதும் என் வேன் பஞ்சர். டிரைவர் டயர் மாற்றும்வரை சாலையோரக் காட்டில் நிற்கிறேன். அங்கே ஒரு பெண்மணி கிணறு வெட்டுகிறார். பக்கத்தில் அவருடைய சின்ன வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிக் கிடக்கிறது. இடுப்பாழத்திலேயே கறுப்புப் பாறை வந்துவிட்டதாம். ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, குழியை மூடிவிடலாம் என்கிறார்கள்.

ஒரு துண்டை வாங்கிப் பார்க்கிறேன். நல்ல கனம். உள்ளே குமிழி, மேலே பாகு வழிந்து உறைந்த மாதிரி வரி. அஞ்சாம் வகுப்போடு உலைக்கு முன்னால் போய் நின்று, இன்றைக்குத் திருச்சியில் சொந்தமாக வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவன் நான். எனக்கா தெரியாது?

“பாறை இல்லம்மா, கிட்டம். இரும்புக் கல்லை உருக்கினா மிஞ்சுற கசடு. நான் கரண்டுல உருக்குறேன், அந்தக் காலத்து ஆளுங்க துருத்தி ஊதியே உருக்கியிருக்காங்க. அடிங்க, கீழ மண்ணு வரும்.”

“இரும்பைக் கொண்டு போயிட்டு, கசடை என் காட்டுலயா கொட்டணும்?”

ஆட்கள் அடிக்கிறார்கள். கறுப்புத் தட்டு உடைந்து செம்மண் தெரிகிறது. நான் மீசையைத் தடவிக்கொள்கிறேன்.

“தண்ணி வருமாங்கய்யா?” என்கிறார் குழிக்குள் நிற்பவர்.

“இரும்பைப் பத்திக் கேளு, சொல்றேன். தண்ணி எனக்குத் தெரியாது.”

“அது எனக்குத் தெரியும்,” என்கிறார் அந்தப் பெண்மணி. “வெட்டுங்கப்பா!”