கோல்கீப்பர் அக்காவின் கண்

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றி, கோல் கம்பத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் ஹெல்மெட் மாட்டுவாள். என் பெரியப்பா மகள். கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் அவள் கோல்கீப்பர். நான் அவளுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரி. ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி போட்டால் வேர்வையில் ஆவி படியும், லென்ஸ் வைத்தால் கரிசல் புழுதி உறுத்தும். அதனால் வெறுங்கண்ணோடுதான் ஆடினாள். மட்டைச் சத்தத்தில் பாதி, ஊகத்தில் பாதி. எதிர்ப்பக்கத்துச் சுவர் அவளுக்கு வெறும் வெள்ளைப் பூச்சு. என்றைக்கு எங்கே அடிபடுவாளோ என்று நான்தான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா விளாத்திகுளம் பக்கம் மிளகாய் போடுகிறவர். மகள் ஆடுவதைத் தடுத்ததில்லை. அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதுமில்லை. "எங்கப்பாவுக்கு நான் கபடி ஆடுதேனா ஹாக்கி ஆடுதேனான்னே தெரியாதுட்டி" என்று அக்கா சொல்லும்போது குரல் சிரிக்கும், முகம் சிரிக்காது.

பவர் ஒரு வருஷமாக ஏறாமல் நின்றதும் லேசர் சிகிச்சைக்கு ஆசைப்பட்டாள். "இருக்க கண்ணும் போச்சுன்னா?" என்று பெரியப்பா மறித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே மதுரைக்குக் கூட்டிப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். கருவிழியின் தடிமனை அளந்த டாக்டரம்மா, பொருத்தமான கண்ணுக்குப் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும் என்றார். கூடவே, சில மாதம் கண் வறளலாம், இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம், அபூர்வமாகப் பார்வையே பாதிக்கவும் கூடும் என்றார். பந்து படுகிற ஆட்டம் என்பதால் கருவிழியை மடல்போல் வெட்டித் திறக்காத முறைதான் இவளுக்கு நல்லது; ஆனால் நாலைந்து நாள் வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். என் கண்ணையும் அளந்து, மெலிவு, செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார். இதை எழுதும்போதும் மூக்கில் கண்ணாடிதான்.

இத்தனையும் கேட்டு நான்தான் பயந்தேன். பெரியப்பாவோ தெளிந்துவிட்டார். "இந்தம்மா மூட்டைக்குள்ள கிடக்க சண்டு, சொத்த வத்தலையும் எடுத்துக் காட்டிட்டுல்லா வெல சொல்லுதாவ. நம்பலாம்" என்றார்.

சொட்டு மருந்தில் கண்ணை மரக்கவைத்து, சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் பெரியப்பா வாசலில் காய்ந்த வத்தலை ஒன்றுவிடாமல் அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வீட்டில் ஒரு வாரம் தாளிப்புக் கிடையாது. மிளகாய்க்காரர் வீட்டில் மோர்சோறும் தேங்காய்த் துவையலும் தின்றோம், அதிலும் மிளகுதான்.

டாக்டர் சம்மதித்தபின் அக்கா இறங்கிய முதல் ஆட்டம். நடுவில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அங்கன சொவரோரமா நிக்கது அப்பாவா?"

"ஆமா."

"இன்னைக்கு மட்டுமா வந்திருக்காவ?"

"எப்பவும் வருவாவ. வத்தல் வெல கேக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்து நிப்பாவ. ஒங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாவ."

அதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அக்கா சுவரையே பார்த்தபடி நின்றாள். குழந்தை உருட்டிவிட்டது போல் வந்த ஒரு பந்து அவள் காலோரமாகப் போய் வலையில் விழுந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியப்பா முதல்முறையாக ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தார். "கண்ணு மங்கலா இருந்தப்பவே அந்த மாதிரிப் பந்த நீ விட்டதில்லையே, தாயி."

"ஒங்களப் பாத்துக்கிட்டே நின்னுட்டேம்ப்பா" என்றாள்.

பெரியப்பா பிசைந்த சோற்றையே வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.