எம்புட்டு நேரம் பேசுவீக?

“கையைத் தூக்கு புள்ள. போன பெருநாளைக்கு எடுத்த அளவு போன பெருநாளோட போச்சு” என்று டேப்பை இழுக்கிறாள் சுஃபியா. காஜிமார் தெருவில் இருபது வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறாள். கூடப்பிறந்தவளே வந்தாலும் பழைய அளவில் துணியை வெட்ட மாட்டாள். வாய் நீளம் என்று யாராவது சொன்னால், “அதை எதை வச்சு அளக்கப்போற?” என்பாள்.

சில சமயம் நாலு நாள் தூங்காமல் முப்பது ஜாக்கெட் தைத்துத் தள்ளுவாள். அப்புறம் ஒரு மாதம் மிஷின் மூடியே கிடக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் பதில்கூட வராது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனநல டாக்டர் ஐந்தே நிமிஷம் பார்த்து மாத்திரை எழுதினார். அதோடு சரி, பிறகு அவர் இவள் முகத்தையே பார்க்கவில்லை. கணவன் ஜலால் மட்டும் போவான், “தூக்கம் இல்லைங்கிறா சார்” என்பான், அதே மாத்திரையோடு திரும்புவான். இப்போது ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்குகிறது, அந்த மாத்திரையால்தானோ என்னவோ. தையல்காரிக்குக் கை போனால் என்ன மிச்சம்? பயந்துதான் போனாள். பயத்தைவிடக் கோபம் அதிகம்.

“என்ன நோவுன்னு ஒரு பேரு சொல்லாம ஒம்பது வருசம் மாத்திரை குடுத்திருக்காக. நானும் முழுங்கியிருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

ஜலால் நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. “மகளுக்கு நிக்காஹ் பேசுற நேரம். பேசாம இரு” என்றான்.

“மாப்ள வீட்டுக்கும் நானே சொல்லிக்கிறேன்.”

தானே போனை எடுத்தாள். மனநல டாக்டர்கள் ஒவ்வொருவரின் கிளினிக்காகக் கூப்பிட்டு ஒரே கேள்வி: “மொதத் தடவை எங்கிட்ட எம்புட்டு நேரம் பேசுவீக?” ஓரிடத்தில் சிரித்தார்கள். இன்னோரிடத்தில் பத்து நிமிஷம் என்றார்கள். “அது எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவே பத்தாதே” என்று போனை வைத்துவிட்டாள். வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கம் ஒரு பெண் டாக்டரிடமிருந்து மட்டும், “முக்கால் மணி நேரமாவது ஆகும்மா. ரத்தமும் பாக்கணும். நீங்களே வரணும்” என்று பதில் வந்தது.

இன்று காலை அங்கே சுஃபியாவின் பெயரைக் கூப்பிட்டதும் ஜலால்தான் முதலில் எழுந்தான். பழக்கம்.

“நான் எடுத்துச் சொல்றேன், நீ சும்மா இரு.”

சுஃபியா அவன் தோளை அமுக்கி மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தாள். தன் கைப்பையை அவன் மடியில் வைத்தாள். உள்ளே போய், கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.