களைத்த குதிரைப்படை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பதுதான் பல்லக்காவின் பிழைப்பு. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் மெழுகுக் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கத்திதான், பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் சிப்பாய்கள். கட்டைவிரல் உயரமே இருக்கும் அந்த ஆட்களில் ஒருவன் தலையை வெட்டி இன்னொருவன் கழுத்தில் ஒட்டுவாள். பிடிக்காத மீசையைச் சுரண்டிவிட்டு வேறு மீசை வைப்பாள்.

பழைய காலத்துப் போர்களைப் பகடை உருட்டி மேசைமேல் ஆடும் சங்கம் ஒன்றில் அவள் உறுப்பினர். உறுப்பினர் என்பதெல்லாம் மரியாதைக்கு. அங்கே இதுவரை அவள் பார்த்த உத்தியோகம், மேசைக்கு அடியில் உருண்டுபோன பகடையைத் தேடி எடுப்பது. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக அவளையும் படை நடத்தச் சொல்லியிருந்தார்கள். குதிரைப்படையை அவளே கொண்டுவர வேண்டும். சாயம் பூசி முடிக்காத சிப்பாய் மேசையில் கால் வைக்கக் கூடாது.

அந்தச் சட்டத்துக்குக் காவல் பட்டாளத்தார். நிஜமாகவே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்தால் பென்ஷன் நின்றுவிடும் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சனிக்கிழமை, சாயம் சீக்கிரம் காயட்டும் என்று, பட்டறைக்கு எடுத்துப்போய், பல் செட்டை வேகவைக்கும் வெந்நீர்த் தொட்டியின் மூடிமேல் படையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் படை வெந்திருந்தது. ஈட்டிகள் தொங்கின. குதிரைகள் தலையைக் கவிழ்த்திருந்தன. வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தார்கள். மறுபடி பகடை பொறுக்கத்தான் தலையில் எழுதியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

அவள் கணவன் ஆலைத் தொழிலாளி, எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவன். படை கிடந்த தட்டை எட்டிப் பார்த்தான்.

"எங்க ஆளுங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வர்ற மாதிரியே இருக்காங்க."

அழுகை அங்கேயே நின்றது. சிப்பாய் என்றால் எந்நேரமும் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சண்டை முடிந்தால் அவனும் வீட்டுக்குத்தானே போவான்? கத்தியைச் சூடாக்கினாள். கழுத்து மடங்கியவனை இன்னும் மடக்கிக் குதிரையின் பிடரியிலேயே தூங்க வைத்தாள். டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்து ஒருவனுக்குக் கட்டுப் போட்டாள். இன்னொருவனுடைய பூட்ஸைச் செதுக்கி எடுத்து, வெறுங்காலாக்கினாள். பஸ்ஸில் விழாமல் தூங்குவது எப்படி என்று கணவன் நாற்காலியில் உட்கார்ந்து நடித்துக் காட்டினான், நடித்தபடியே விழவும் செய்தான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் எல்லார் முழங்காலுக்கும் சேற்று நிறம் பூசி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்தார் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஏன் ஒருத்தனும் நேராக உட்காரவில்லை என்று கேட்டார்.

"சண்டை முடிஞ்சு வீட்டுக்குப் போறாங்க, சார்."

அவர் பூதக்கண்ணாடியை வெறுங்கால் சிப்பாய்மேல் கொண்டுபோனார். பிறகு, சாயத்தில் குறை இல்லை, ஆடலாம் என்று மட்டும் சொன்னார்.

தூங்குமூஞ்சிப் படை அன்று மண்ணைக் கவ்வியது. ஆனால் தொண்டை கட்டும் அளவுக்குக் கட்டளை போட்டுத் தோற்றாள் பல்லக்கா. அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையுமே ஜெயித்ததில்லை.

எல்லோரும் கிளம்பும்போது பட்டாளத்தார் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். உள்ளே அவருடைய வீரர்கள், வரிசை பிசகாமல், நெஞ்சு நிமிர்த்தி.

"நாங்களும் இப்படித்தாம்மா திரும்பி வந்தோம்," என்றார். "இவனுங்களை மட்டும் இத்தனை வருஷமா அட்டென்ஷன்லயே நிக்க வச்சுட்டேன். கொஞ்சம் வீட்டுக்கு அனுப்பி வைக்க முடியுமா?"

பல்லக்கா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.